படத்தின் மேல் படம்



சென்ற ஆண்டு எங்கள் வகுப்புக் குழுப்படம் ஸ்டூடியோவிலிருந்து வந்து சேர்ந்த நாளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். படங்களை வாங்கிய மகிழ்ச்சியில் வகுப்பே சந்தைக்கடையாக இருந்தது. மூன்றாம் வரிசையில் இடது ஓரம் நின்ற எங்கள் தோழி மட்டும் தன் படத்தைப் பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவளுடைய பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நீ எங்கடி இருக்க?” என்று கேட்டாராம். இவள் தன்னைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். “இது நீ இல்ல. யாரோ பவுடர் பூசின புள்ள” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம் பாட்டி.

நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. பிறகு எங்கள் படங்களையும் எடுத்து உற்றுப் பார்த்தோம். பாட்டி சொன்னது உண்மையே. ஒரே சல்லடையில் சலித்த மாவைப் போல எல்லார் முகமும் ஒரே வெளுப்பாக இருந்தது. சடை சரியாக இருந்தது, ரிப்பன் சரியாக இருந்தது, முகங்கள்தாம் எங்களுடையவையாக இல்லை.

இது எப்படி நடந்தது என்று கண்டறிய எங்களில் அறுவர் முனைந்தோம். கணிப்பொறியில் ஏதோ மந்திரம் செய்துவிட்டார்கள் என்று நாங்கள் சொன்னபோது, எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர், “மந்திரம் ஒன்றும் இல்லை, அதுவும் பெருக்கலும் கழித்தலுமாகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள்” என்றார். போய்ப் பார்த்தோம். ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. கண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கணிப்பொறித் திரையில் நாம் காணும் எந்தப் படமும் நெருக்கமாக அடுக்கப்பட்ட புள்ளிகளால் ஆனது என்பது நாம் அறிந்ததே. கோலத்தில் புள்ளி வைப்பதுபோல. ஆனால் இங்கே புள்ளிகளை இணைக்கக் கோடு கிடையாது, புள்ளிகளே படம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. வழக்கமான படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கருமை. மூன்றும் 255 என்றால் வெண்மை. வெயிலில் விளையாடி வந்த எங்கள் தோழியின் கன்னத்தில் ஒரு புள்ளியை எடுத்துப் பார்த்தால், சிவப்பு 120, பச்சை 80, நீலம் 60 என்பதுபோல இருக்கும். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை மீண்டும் வரும்.

இனி, ‘லேயர்’ என்று சொல்லப்படும் படலத்துக்கு வருவோம். ஒரு படத்தின் மேல் கண்ணாடித்தாளைப் போட்டு, அதன்மேல் இன்னொரு படம் வரைந்தால் எப்படியோ அப்படித்தான் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒன்றும் சொல்லாமல் விட்டால் மேல் படலம் கீழ்ப் படலத்தை மறைக்கும். மேல் படலத்தை முப்பது விழுக்காடு மட்டும் தெரியும்படி வைத்தால், மேலே 200, கீழே 100 என்ற இரண்டு எண்களும் கலந்து 130 ஆகும். இது வெறும் பாலும் தண்ணீரும் கலக்கும் கணக்கு. ஆனால் இரண்டு எண்கள் சந்திக்கும்போது கலப்பதைத் தவிர வேறு வேலைகளும் செய்யலாமே! பெருக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம், எது பெரிது என்று பார்த்து அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘மேலே ஓர் எண், கீழே ஓர் எண், விடை என்ன?’ என்ற கேள்விக்குத் தரும் விதியே ‘பிளெண்ட் மோட்’ எனப்படும் கலப்பு முறை. போட்டோஷாப்பாயினும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப், கிருதா ஆகியவையாயினும், சலனப்படம் தொகுக்கும் மென்பொருள்களாயினும் இம்முறைகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றே. பட்டியல் நீளமானதுதான். ஆயினும் நாலைந்தை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை அவற்றின் உறவினர்களே.

முதலாவது, ‘மல்டிப்ளை’. பெயரே சொல்வதுபோல் இது பெருக்கல். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுக்க வேண்டும். 128-ஐ 128-ஆல் பெருக்கி வகுத்தால் 64. விடை எப்போதும் கருமையை நோக்கியே போகும், ஒருபோதும் வெளுக்காது. இதை அறியக் கணிப்பொறிகூடத் தேவையில்லை. இரண்டு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து வெயிலைப் பாருங்கள். முதல் கண்ணாடி பாதி ஒளியைத் தடுக்க, இரண்டாவது மிஞ்சியதில் பாதியைத் தடுக்க, நமக்கு வந்து சேர்வது கால் பங்கு. சிவப்புக் கண்ணாடியையும் பச்சைக் கண்ணாடியையும் சேர்த்தால் ஏறத்தாழ இருட்டே.

இதனால் பெரிய நன்மை ஒன்று உண்டு. வெண்மை என்பது 255. 255-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் கீழே உள்ளது அப்படியே நிற்கும். ஆகவே வெள்ளைத் தாளில் மையால் போட்ட கோலத்தையோ ஓவியத்தையோ ஸ்கேன் செய்து, இன்னொரு படத்தின்மேல் மல்டிப்ளையில் வைத்தால், தாள் மாயமாய் மறைந்து மைக்கோடு மட்டும் நிற்கும். கத்தரிக்கோல் தேவையில்லை. எங்கள் ஆண்டுவிழா அழைப்பிதழின் ஓரக் கோலம் இவ்வாறு ஐந்து நிமிடத்தில் வந்ததுதான். அதற்கு முந்தைய ஆண்டு அக்காமார்கள் அதே வேலைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அழிப்பானைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறோம்.

இரண்டாவது, ‘ஸ்கிரீன்’. எங்கள் வழக்கின் குற்றவாளி இதுதான். இது மல்டிப்ளையைத் தலைகீழாகப் புரட்டியது. இரண்டு எண்களையும் 255-இலிருந்து கழித்து, கிடைப்பவற்றைப் பெருக்கி 255-ஆல் வகுத்து, மீண்டும் 255-இலிருந்து கழிக்க வேண்டும். அதாவது ஒளியை அல்ல, ஒளிக்குறையைப் பெருக்குகிறோம். ஆகவே விடை எப்போதும் வெண்மையை நோக்கிப் போகும். கருமை எந்த மாற்றமும் செய்யாது. மின்சாரம் போன இரவில் ஒரே சுவரில் இரண்டு டார்ச் விளக்குகளை அடித்துப் பாருங்கள். ஒளி படும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி கூடுதல் வெளிச்சமாகத் தெரிகிறதல்லவா? ஒரே திரையில் இரண்டு சிலைடுகளைக் காட்டுவது போன்றது என்பதால் ‘திரை’ என்னும் பெயர் இதற்குப் பொருந்துகிறது.

இப்போது தோழியின் கன்னத்துக்கு வருவோம். 120, 80, 60. படத்தை நகலெடுத்து, அந்த நகலை அதன் மேலேயே ஸ்கிரீனில் வைத்தால் என்ன ஆகும்? 255-இலிருந்து 120 போனால் 135. 135-ஐ 135-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 71. அதை 255-இலிருந்து கழித்தால் 184. இதேபோல் 80 என்பது 135 ஆகிறது. 60 என்பது 106 ஆகிறது. ஒரே ஒரு சொடுக்கில் 120, 80, 60 என்ற கன்னம் 184, 135, 106 என்ற வேறொருத்தியின் கன்னமாகிவிட்டது. ஏற்கெனவே 230 இருக்கும் வெள்ளைச் சீருடையோ 253-க்குப் போய் நின்றுவிடும். மாற ஏது இடம்? நடுத்தர நிறங்களே அதிகம் நகரும். எங்கள் முகங்கள் எல்லாம் அந்த நடுத்தரத்தில்தானே இருக்கின்றன!

கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு, வகுப்பாசிரியையுடன் ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்த அண்ணன் கோபப்படவில்லை. தாளைப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா, முகத்துக்கு மட்டும் மாஸ்க் வெட்டி ஒரு ஸ்கிரீன் போடுறது வழக்கம். போடலைன்னா பெத்தவங்களே திருப்பிக் கொண்டாந்துடறாங்க, ‘எம்பொண்ணு கருப்பா இருக்கா’ன்னு” என்றார். எங்களால் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். கை வைக்காத மூலப்படத்தை அந்த அண்ணன் ஒரு தட்டில் பதிந்து கொடுத்து, காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இத்தகைய வேலைகள் கணிப்பொறியோடு பிறந்தவை என்று எண்ண வேண்டாம். 1857-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வாழ்ந்த ரைலாண்டர் என்னும் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படமாக அச்சிட்டார். பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1900-இல் எடுத்த ஒரு சிறு படத்தில், ஒரே பிலிமை மீண்டும் மீண்டும் ஓட்டி, தாம் ஒருவரே ஏழு பேராக அமர்ந்து இசைக்கருவிகள் வாசித்தார். 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றியதையும் நம் பாட்டி தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். அன்று கருவியாலும் கைத்திறனாலும் செய்ததை எண்ணாக்கியவர்கள் பின்னால் வந்தனர். லூகாஸ்பிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் 1984-இல் படத்தின் மேல் படம் வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அதில் படலங்கள் சேர்க்கப்பட்டது 1994-இல்தான். அதுவரை ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரித்தெடுக்க வழியில்லை.

மூன்றாவது, ‘ஓவர்லே’. இது மேற்சொன்ன இருவரின் கூட்டுக் குடும்பம். கீழ்ப் படலத்தின் புள்ளி பாதிக்கும் குறைவான ஒளியுடையதாயின் மல்டிப்ளை செய்து இரட்டிக்கும். அதிகமாயின் ஸ்கிரீனின் வழியில் போகும். விளைவு, இருண்டது மேலும் இருளும், வெளிச்சமானது மேலும் வெளுக்கும். மங்கலான படம் பளிச்சென்று எழுந்து நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெருக்கலில் மூன்றையும் ஐந்தையும் எப்படி மாற்றிப் போட்டாலும் பதினைந்து. அதுபோல மல்டிப்ளையிலும் ஸ்கிரீனிலும் எது மேல், எது கீழ் என்பது பொருட்டில்லை. ஓவர்லேயில் அப்படியல்ல. தீர்ப்புச் சொல்வது கீழ்ப் படலம். தீர்ப்பை மேல் படலத்திடம் கொடுத்தால் அதன் பெயர் ‘ஹார்ட் லைட்’ என்று மாறிவிடும், கணக்கு அதேதான்.

‘டிஃபரன்ஸ்’ என்னும் முறை எங்கள் அனைவருக்கும் மிகவும் பிடித்துப்போனது. பெரியதிலிருந்து சிறியதைக் கழி, அவ்வளவே. இரண்டு படங்களும் ஒன்றாயிருந்தால் விடை எங்கும் 0. திரை முழுவதும் கருமை. எங்கே மாற்றம் உண்டோ அங்கே மட்டும் வெளிச்சம் பூக்கும். வார இதழ்களில் ‘ஆறு வித்தியாசங்கள்’ போடுவார்களே, அதன் இரண்டு படங்களையும் ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி டிஃபரன்ஸ் போட்டோம். நாய்க்குட்டியின் வாலும், தாத்தாவின் பொத்தானும், மற்ற நான்கும் இருட்டில் மின்மினிபோல் தெரிந்தன. எங்களில் ஒருத்தியின் தம்பி, இது அழுகுணி ஆட்டம் என்று இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை.

விளையாட்டுக்கு மட்டும் இது பயன்படுவதில்லை. மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு மறைத்துக்கொள்ளும், குழாய் தெரியாது. ஆகவே முதலில் ஒரு படம் எடுப்பார்கள். பிறகு எக்ஸ்ரேயைத் தடுக்கும் மருந்தைக் குழாயில் செலுத்தி இன்னொரு படம் எடுப்பார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மண்டையோடு மறைந்து, மருந்து ஓடிய குழாய்கள் மட்டும் மரக்கிளைபோல் நிற்கும். நெதர்லாந்து நாட்டு மருத்துவர் சீட்செஸ் டெஸ் பிளாண்டெஸ் 1930-களிலேயே பிலிம்களைக் கொண்டு இவ்வழியைக் கண்டார். இன்று பெரிய மருத்துவமனைகளில் கணிப்பொறி அந்தக் கழித்தலைக் கணநேரத்தில் செய்கிறது. நோயாளி இடையில் தலையை அசைத்துவிட்டால் எலும்பின் ஓரங்கள் பேய்க்கோடுகளாக வந்து நிற்குமாம். ஆறு வித்தியாசத்தில் தாள் சற்று நகர்ந்தபோது எங்களுக்கும் அதுவே வந்தது!

சலனப்படத்திலும் இக்கணக்கில் மாற்றமில்லை. நொடிக்கு 24 அல்லது 25 படங்கள்; ஒவ்வொன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதே பெருக்கல், அதே கழித்தல். ஆண்டுவிழா நாடகத்தில் கண்ணகி மதுரையை எரிக்கும் காட்சிக்கு மேடையின் பின்திரையில் நெருப்பு வேண்டியிருந்தது. கரும் பின்னணியில் தீச்சுவாலை மட்டும் படம்பிடிக்கப்பட்ட துண்டு ஒன்று கிடைத்தது. கண்ணகியாக நடித்தவளை முன்னரே படமெடுத்து, அதன்மேல் தீயை வைத்தோம். ஸ்கிரீன் முறையில் கருமை மறைந்துபோகும் என்று மேலே சொன்னோமல்லவா? அதனால் தீ மட்டும் நின்றது. முதலில் நாங்கள் ‘ஆட்’ என்னும் வெறும் கூட்டலைத்தான் போட்டோம். முகத்தில் 150, தீயில் 180, கூட்டினால் 330. ஆனால் 255-க்கு மேல் ஏணியில் படியே கிடையாது. எல்லாம் 255-இல் முட்டிக்கொண்டு, கண்ணகியின் முகம் வெள்ளைத் தட்டாகிவிட்டது. ஸ்கிரீனில் அதே இரண்டு எண்கள் 224-இல் நின்றன. முகத்தின் சினமும் தெரிந்தது, தீயும் தெரிந்தது.

உண்மையான உலகில் ஒளியும் ஒளியும் சேர்ந்தால் வெறும் கூட்டல்தானே, பின் ஏன் கூட்டல் பொய்யாகத் தெரிந்தது என்று சிஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி, விடை காண ஒரு வாரம் ஆயிற்று. திரையின் எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. இருட்டில் நுணுக்கமான வேறுபாடுகளை நம் கண் அதிகம் காண்பதால், அங்கே எண்கள் நெருக்கமாக ஒதுக்கப்பட்டுள்ளன. 128 என்பது பாதி எண். ஆனால் திரை அப்போது தரும் ஒளி முழு ஒளியில் ஏறக்குறைய 22 விழுக்காடுதான். அந்த வளைவை நிமிர்த்திவிட்டுக் கூட்டினால்தான் உண்மை விளக்குகளைப் போலச் சேரும். திரைப்படத் துறையினர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைசியாக ‘கலர்’ என்னும் முறை. இது மேல் படலத்திலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கீழ்ப் படலத்திடமே விட்டுவிடும். நிறத்தையும் ஒளியையும் இப்படிப் பிரிப்பது தொலைக்காட்சிக்காரர்களின் பழைய உத்தி. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டின்போது நம் நாட்டில் வண்ண ஒளிபரப்புப் பரவியபோது, வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகவில்லை. ஒளி தனியாகவும் நிறம் தனியாகவும் வந்ததால், பழைய பெட்டி ஒளியை மட்டும் வாங்கிக்கொண்டது. ஒளியைக் கணக்கிடுவதில் மூன்று நிறங்களுக்கும் சம பங்கு இல்லை. சிவப்புக்கு நூற்றுக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. நம் கண்ணுக்குப் பச்சையிடம் அத்தனை பற்று!

இதை நாங்கள் கற்றதற்கு ஒரு காரணம் இருந்தது. விடுதிச் சமையலறையில் நெடுங்காலம் பணிசெய்த ஆயாம்மா அந்த ஆண்டு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குழுப்படம் ஒன்று அலுவலக அலமாரியில் கிடைத்தது. ஆசிரியைகள் எல்லாரும் வெயிலில் அமர்ந்திருக்க, ஆயாம்மா தாழ்வார நிழலில், தூணோரம் நின்றிருந்தார். முகம் இருந்த இடத்தில் இருட்டு மட்டுமே இருந்தது. போதாக்குறைக்கு மேலே மஞ்சள் கறை வேறு.

கறை எளிதாகப் போயிற்று. மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் தின்னும். சிவப்பை அவ்வளவாகத் தொடாது. ஸ்கேன் செய்த படத்தின் சிவப்பு எண்களை மட்டும் வைத்துக்கொண்டோம். கறை பெரும்பாலும் போய்விட்டது. முகத்துக்குத் தூணோரத்தை மட்டும் மாஸ்க் வெட்டி, எந்த ஸ்கிரீனை ஸ்டூடியோவில் குறை சொன்னோமோ அதே ஸ்கிரீனைப் போட்டோம். 30 இருந்த புள்ளி 56 ஆயிற்று. இன்னொரு முறை போட்டதும் 100. இருட்டிலிருந்து முதலில் நெற்றிப்பொட்டு வந்தது, பிறகு மூக்குத்தி, பிறகு சிரிப்பு. மூன்றாம் முறை போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். பாட்டியை நினைத்துக்கொண்டு இரண்டோடு நிறுத்திவிட்டோம்.

படத்தைத் திரையில் காட்டியபோது ஆயாம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தச் சேல கிளிப்பச்சைம்மா. அரக்குக் கரை. எங்கம்மா எடுத்துக் குடுத்தது” என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கலர் முறையில் ஒரு புதுப்படலம் போட்டு, அவர் “இல்ல, இன்னும் கொஞ்சம் எலக் கலரு” என்று சொல்லச் சொல்ல நிறத்தைத் திருத்தினோம். சேலையின் மடிப்பும் நிழலும் பழைய படத்திலிருந்தபடியே நிற்க, பச்சை மட்டும் வந்து படிந்தது. மற்றவர்களின் சேலை நிறத்தைச் சொல்ல ஆளில்லை; ஆகவே அவற்றை அப்படியே விட்டோம். ஆயாம்மா கையோடு எடுத்துச்சென்ற பிரதியில் அவர் ஒருவர் மட்டுமே வண்ணத்தில் நிற்கிறார்.

எங்கள் வகுப்புக் குழுப்படத்தைப் பொறுத்தவரை, எங்கள் அறுவருக்குள்ளேயே இன்றுவரை ஒத்த கருத்தில்லை. கொஞ்சம் வெளுப்பு இருந்தால் என்ன தவறு என்று இருவர் இன்னும் வாதிடுகிறார்கள். ஆயினும் இம்மலருக்குப் படம் கேட்டபோது, ஸ்டூடியோ அண்ணன் கொடுத்த மூலப்படத்தைத்தான் அனுப்பியிருக்கிறோம். மாலை வெயில் பட்டுச் சீருடைகள் சற்று மஞ்சளாகத் தெரியும். மூன்றாம் வரிசையில் இடது ஓரம் நிற்பவளை அவளுடைய பாட்டி இந்த முறை கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிட்டார்.